மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திகளை இரைகொல்லிகளிடமிருந்து காப்பது எப்படி

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும், அமெரிக்க-கனடா எல்லையை ஒட்டிய பேரேரிகளின் மணற்கரைகளிலும் கோடையில் முட்டையிடும் பைப்பிங் உப்புக்கொத்தி, சுமார் 55 கிராம் எடையே உள்ள, உலர்ந்த மணலின் நிறத்தை முதுகில் கொண்ட சிறு பறவையாகும். அது மரத்தையோ புதரையோ நாடுவதில்லை. வழக்கமான அலை எட்டாத மேட்டில் மார்பால் மணலைத் தேய்த்து ஒரு குழிவை உண்டாக்கி, சிப்பித் துணுக்குகளையும் சிறு கூழாங்கற்களையும் அதில் பரப்பி, நான்கு முட்டைகளை இடுகிறது. அந்தக் குழிவுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை; கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது ஒன்றே அதற்குக் காவல். நரியின் மூக்குக்கும் காகத்தின் கண்ணுக்கும் முன்னால் அந்தக் காவல் போதாமற்போன கரைகளில்தான் மனிதர் தலையிட வேண்டியிருக்கிறது.

1986 ஜனவரியில் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் பாதுகாப்பு இப்பறவைக்குக் கிடைத்தபோது, அட்லாண்டிக் கரையில் எண்ணப்பட்டவை 790 இணைகள் மட்டுமே. பேரேரிகளில் இருபது இணைகள்கூட இல்லை. இன்று அட்லாண்டிக் கரையில் 2,000 இணைகளுக்கு மேல் உள்ளன. பேரேரிகளில் 2025இல் 88 இணைகள் கூடு கட்டின. அங்கு எட்ட வேண்டிய இலக்கு 150. இந்த உயர்வின் பின்னால் இருப்பது பெரும்பாலும் வேலிக் கயிறும் கம்பி வலையும் குப்பை அகற்றலும் விடியற்காலை நடையும் சேர்ந்த, ஆண்டுதோறும் மறுபடி செய்ய வேண்டிய உழைப்பு. நிறுத்தினால் எண்ணிக்கை மீண்டும் சரியும் என்பதால் இதை முடிந்த வேலை என்று எவரும் கருதுவதில்லை.

அக்கரைகளில் தன்னார்வலராகச் சேர நினைப்போருக்காகவும், தமிழகத்திலும் இலங்கையிலும் இதே குடும்பத்துப் பறவைகளைக் கவனித்து வருவோருக்காகவும் இங்கு அந்த முறைகள் விளக்கப்படுகின்றன. தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்பறவையைக் காப்பது என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கூட்டின் மேல் வைக்கும் கம்பிக் கூண்டு. என் கருத்தில் அதைக் கடைசியாகத்தான் எண்ண வேண்டும். கூண்டு முட்டையை மட்டுமே காக்கிறது. குஞ்சுக்கு அதனால் பயன் சிறிதே, தாய் தந்தைப் பறவைகளையோ சில கரைகளில் அது ஆபத்திலேயே தள்ளுகிறது. மேலும், அனுமதி பெற்ற உயிரியலாளரின் மேற்பார்வை இல்லாமல் கூட்டை நெருங்குவதும் கூண்டு வைப்பதும் சட்டப்படி தண்டனைக்குரியவை. தன்னார்வலர் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி கூட்டைத் தொடாமலே செய்யக்கூடியது.

பறவையின் நாட்காட்டி

அட்லாண்டிக் கரைக்கு இப்பறவைகள் மார்ச் மாதத்தின் நடுவிலிருந்து வரத் தொடங்குகின்றன. ஏப்ரல் இறுதியிலிருந்து முட்டைகளைக் காணலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு முட்டை என்ற கணக்கில் நான்கும் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. கடைசி முட்டை இட்ட பிறகே அடைகாத்தல் முழுமையாகத் தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கு வாரம் அடைகாக்கின்றன. குஞ்சுகள் வெளிவந்த சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு ஓடித் தாமாகவே இரை பொறுக்குகின்றன. பெற்றோர் ஊட்டுவதில்லை, காவல் காத்துச் சூடு மட்டும் கொடுக்கின்றன. பறப்பதற்கு இன்னும் 25 முதல் 35 நாட்கள் தேவை. ஆக, ஒரு கூடு வெற்றி பெற வேண்டுமானால் நிலத்தில் ஏறத்தாழ இரண்டு மாத காலம் ஆபத்தில்லாமல் கழிய வேண்டும். அதில் பாதி கூட்டிலும் மறுபாதி திறந்த கரையிலும் கழிகிறது.

முட்டைகள் போனால் அந்த இணை பருவம் முடிவதற்குள் மீண்டும் முட்டையிடும். ஒருமுறைக்கு மேலும் முயலும். வளர்ந்த பறவை இறந்தால் அந்த இழப்பை அந்தப் பருவத்தில் எதனாலும் ஈடுசெய்ய முடியாது. அட்லாண்டிக் கரையின் எண்ணிக்கை குறையாமல் நிற்க ஓர் இணைக்கு ஆண்டுக்குச் சராசரி 1.24 குஞ்சுகள் பறக்கும் நிலையை அடைய வேண்டும் என்று 1990களில் கணக்கிடப்பட்டது. பெருகுவதற்கான இலக்காக 1.5 வைக்கப்பட்டது. இந்தக் கணக்கும் வளர்ந்த பறவைகள் வழக்கம்போல் ஆண்டுக்கு ஆண்டு பிழைத்து வரும் என்ற எண்ணத்தின் மேல் நிற்பதுதான். நான்கு முட்டைகளைக் காப்பாற்றித் தாயை இழப்பது நட்டம் என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் முடிவுகள் பலவும் இதையே சார்ந்திருக்கின்றன.

வருவது எந்த விலங்கு என்று அறிதல்

எந்த இரைகொல்லி வருகிறது என்று தெரியாமல் தேர்ந்தெடுக்கும் காப்பு முறை குருட்டடியாகவே இருக்கும். நல்ல வேளையாக மணல் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. காற்று எழுவதற்கும் கூட்டம் வருவதற்கும் முன்பு, வெயில் சாய்வாக விழும் விடியற்காலையில் கரையின் நீளத்துக்கும் நடந்து சுவடுகளைப் பார்க்க வேண்டும்.

செந்நரியின் கால் தடம் சற்று நீண்ட முட்டை வடிவில், நான்கு விரல்களும் நகக் குறிகளும் தெரிய, ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் செல்லும். அது எங்கே போகிறது என்று அதற்குத் தெரியும். வளர்ப்பு நாயின் தடம் அகலமாகவும் அலைந்து திரிவதாகவும் இருக்கும், அருகில் பெரும்பாலும் மனிதத் தடமும் இருக்கும். ரக்கூன் என்னும், பூனையைவிடச் சற்றுப் பெரிய அமெரிக்க விலங்கின் தடத்தில் ஐந்து நீண்ட விரல்கள் சிறு குழந்தையின் கைபோலப் பதிந்திருக்கும். பூனையின் தடம் வட்டமானது, நகம் பதியாது. நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கான ஸ்கங்க் குறுகிய அடிகளுடன் மணலை ஆங்காங்கே கிளறிக்கொண்டே செல்லும். காகத்தின் தடத்தில் முன்னால் மூன்றும் பின்னால் ஒன்றுமாக விரல்கள் தெரியும்; கடற்காகத்தின் தடத்தில் விரல்களுக்கு இடையே சவ்வின் விளிம்பு தெரியும். வர்ஜீனியாவிலும் அதற்குத் தெற்கிலும் பேய் நண்டின் ஊசிக்குத்துப் போன்ற இரு வரிசைத் தடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூடு காலியாக இருந்தால் இரைகொல்லி கொண்டுபோய்விட்டது என்று உடனே எழுதிவிடக் கூடாது. குஞ்சு பொரித்த கூட்டில் பெற்றோர் பெரிய ஓட்டுத் துண்டுகளைத் தூக்கிச் சென்று தொலைவில் போட்டுவிடும். ஆனால் குஞ்சு ஓட்டைக் குத்தி உடைக்கும்போது உதிரும் மிகச் சிறு துணுக்குகள் குழிவின் அடியில் தங்கியிருக்கும். பொரிக்க வேண்டிய நாளும் நெருங்கியிருந்து அந்தத் துணுக்குகளும் இருந்தால் குஞ்சுகளைத் தேட வேண்டும். நரி முட்டையை முழுதாக எடுத்துச் செல்வதால் எதுவும் மிஞ்சுவதில்லை. ஸ்கங்க் நசுக்கிய ஓடுகளையும் கருவின் கறையையும் அங்கேயே விட்டுச் செல்வது வழக்கம். உயர் அலையோ மணற்காற்றோ கூட்டை மூடியிருந்தால் அதன் சுவடும் தனியாகத் தெரியும். ஒவ்வோர் இழப்புக்கும் நாள், இடம், தடம், முந்தைய இரவின் வானிலை ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். ஊகத்தால் நிரப்பிய பதிவேடு அடுத்த ஆண்டு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

கூண்டுக்கு முன் செய்ய வேண்டியவை

கரையில் வழக்கத்துக்கு மேல் காகமும் கடற்காகமும் ரக்கூனும் இருப்பதற்கு மனிதர் விட்டுச் செல்லும் உணவே பெரும் காரணம். சிற்றுண்டிக் கடைகளின் திறந்த குப்பைத் தொட்டி, தூண்டில்காரர் விட்டுச் செல்லும் மீன் கழிவு, கடற்காகங்களுக்குப் பிள்ளைகள் வீசும் உருளைக்கிழங்கு வறுவல் ஆகிய எல்லாமே இரைகொல்லிகளுக்கு வைக்கும் பந்தி. தொட்டிகளுக்கு விலங்குகள் திறக்க முடியாத மூடியைப் பொருத்துவதும், மாலையில் குப்பை நிரம்பி வழியும் முன்பே அகற்றுவதும், முடிந்த இடங்களில் தொட்டியையே கூட்டுப் பகுதியிலிருந்து வாகன நிறுத்துமிடத்துக்கு மாற்றுவதும் செலவு குறைந்த காரியங்கள். கம்பி வலை தூக்குவதில் காட்டும் உற்சாகத்தில் பாதியையேனும் தன்னார்வலர் இதில் காட்டினால் நன்மை அதிகம். ஆனால் குப்பை அள்ளுவதைப் படம் எடுத்துப் போடுவதற்கு யாரும் முன்வருவதில்லை.

அடுத்தது கயிற்று வேலி. பறவைகள் வருவதற்கு முன்பே, சென்ற ஆண்டுகளில் கூடு இருந்த மேட்டைச் சுற்றிக் குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, அறிவிப்புப் பலகைகளை மாட்டிவிட வேண்டும். புதிய கூடு கண்டால் அதைச் சுற்றி 50 மீட்டர் ஆரத்துக்கு வேலி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டரசு வழிகாட்டுதல். இந்தக் கயிறு எந்த நரியையும் தடுக்காது, அது மனிதருக்கானது. ஆயினும் இரைகொல்லிகளுக்கு எதிரான முதல் வேலை இதுவே என்று சொல்லலாம். மனிதர் நெருங்கும்போதெல்லாம் அடைகாக்கும் பறவை எழுந்து ஓடுகிறது. அது எங்கிருந்து எழுந்தது என்பதை மின்கம்பத்தில் அமர்ந்திருக்கும் காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. திறந்து கிடக்கும் முட்டைகள் வெயிலிலும் குளிரிலும் கெடுவது மற்றொரு தீங்கு. பட்டம் விடுவோரையும் கூட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் அனுப்ப வேண்டும், ஏனெனில் வானில் மிதக்கும் பட்டத்தை இப்பறவைகள் பருந்தாகவே எடுத்துக்கொள்கின்றன.

நாய்களைப் பற்றிச் சண்டை வராத கரை இல்லை. ஏப்ரல் தொடக்கம் முதல் ஆகஸ்ட் இறுதி வரை கூட்டுக் கரைகளில் நாய்களைத் தோல்வாரில் பிடித்திருக்க வேண்டும், முடிந்தால் அறவே அனுமதிக்கக் கூடாது. என் நாய் எதையும் கடிக்காது என்று சொல்பவரிடம் கடிப்பதைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை. நாய் துரத்துவதால் பறவை கூட்டை விட்டு விலகியிருக்கும் நேரத்தைப் பற்றிப் பேசலாம். வேலிக்கு வெளியே தொலைநோக்கியை நிறுத்தி அடைகாக்கும் பறவையை அவரையே பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. வீடற்ற பூனைகளுக்குக் கரையோரத்தில் உணவு வைப்பது இதைவிடக் கடினமான சிக்கல். நியூயார்க்கின் ஜோன்ஸ் கடற்கரையில் உப்புக்கொத்திக் கூடுகளுக்கு அருகே இருந்த பூனைக் கூட்டத்தை முன்னிட்டு 2016இல் வழக்கே தொடுக்கப்பட்டு, பூனைகளை அங்கிருந்து அகற்றுவதென்ற உடன்பாட்டில் 2018இல் முடிந்தது. பூனைகளுக்கு வேறு புகலிடம் தேடிக் கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்து ஏற்றால் மட்டுமே பூனைப் பிரியர்கள் இணங்குவார்கள் என்பது அந்த வழக்கு காட்டும் பாடம்.

கரையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். மணற்புல் அடர்ந்து வளர்ந்தால் நரியும் பூனையும் மறைந்து நெருங்க வழி கிடைக்கிறது. உப்புக்கொத்தி சுற்றிலும் வெட்டவெளி தெரியும் இடத்தையே விரும்புகிறது. புயல் அலை புல்லை அடித்துச் சென்று புது மணல் பரப்பும் இடங்களில் இப்பறவைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் குடியேறுவதற்கு இதுவே காரணம். பயனற்ற பழைய வேலிக் கம்பங்கள், உயரமான பலகைகள் போன்றவை காகமும் சிறு வல்லூறும் அமர்ந்து நோட்டமிட உதவுவதால் பருவத்துக்கு முன்பே அவற்றை அகற்றிவிட வேண்டும்.

கண்காணிப்பவர்களே இரைகொல்லிக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது. கூட்டுக்கு நேராகச் சென்று நேராகத் திரும்பினால் அங்கே முடியும் ஒரு தடம் உருவாகிறது. நரியும் ரக்கூனும் அதைத் தொடர்ந்து வரும். கூட்டை ஒட்டிக் கடந்து சென்று வேறு வழியில் வெளியேறுவதும், கடைசிச் சில மீட்டர்களின் தடத்தைத் துடைத்துவிடுவதும் நல்லது. காகமோ கடற்காகமோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நெருங்கவே கூடாது. தொலைநோக்கியால் பார்த்து முடிக்கக்கூடிய வேலைக்குக் கால்களைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

கூண்டு வைப்பதா, வேண்டாமா

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேன் கடற்கரையில் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், கம்பி வேலி சூழ்ந்த 26 கூடுகளில் 24இல் குஞ்சு பொரித்தது; காப்பற்ற 24 கூடுகளில் ஆறில் மட்டுமே பொரித்தது. இவ்வளவு தெளிவான முடிவு வனவுயிர்ப் பணியில் அரிதாகவே கிடைக்கும். ஆகவே பல கரைகளில் கூண்டு வைப்பது வழக்கமாயிற்று. பின்னர் அதன் மறுபக்கமும் தெரியவந்தது. மெர்லின் என்னும் சிறு வல்லூறு, கூண்டுக்குள் சென்று வரும் பறவையை எதிர்பார்த்துக் காத்திருந்து பிடிக்கக் கற்றுக்கொண்டது. பேரேரிகளில் வளர்ந்த பறவைகள் இறப்பதற்கு மெர்லின் ஒரு முக்கியக் காரணம். சில இடங்களில் நரியும், ஓநாயைப் போன்ற கயோட்டியும் கூண்டு என்றால் உள்ளே இரை என்று அறிந்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து அடைகாக்கும் பறவையை வெருட்டின, வெளியே வரும் தருணத்தில் பிடித்தன. பெற்றோரில் ஒன்று கொல்லப்பட்டதும் மற்றது கூட்டைக் கைவிடுவதால், கூண்டுக்குள் நான்கு முட்டைகளும் முழுதாகக் குளிர்ந்து கிடக்கும் காட்சி பலருக்கும் பழக்கமாயிற்று.

எனவே முடிவெடுக்கும் முறை இவ்வாறு அமைய வேண்டும். அந்தக் கரையில் முட்டை இழப்புக்குக் காகம், கடற்காகம், புதிதாக வந்த நரி ஆகியவை காரணம் என்று சுவடுகள் காட்டி, கூண்டின்றி விட்டால் பெரும்பாலான கூடுகள் அழியும் என்று சென்ற ஆண்டுகளின் பதிவும் காட்டினால் கூண்டு தகும். மெர்லின் அடிக்கடி தென்படும் இடத்திலும், நரி ஏற்கனவே கூண்டுகளைச் சுற்றி வரப் பழகிய இடத்திலும் கூண்டு வைக்காமல் விடுவதே மேல்; முட்டைகள் போனாலும் இணை பிழைத்து மறுபடி இடும். பேய் நண்டு வலைக் கண்ணின் வழியே நுழைந்துவிடும் என்பதால் அதற்கு எதிராகக் கூண்டால் பயனில்லை. அயலவர் வந்து தொட்டுப் பார்க்கவும் படமெடுக்கவும் கூடும் நெரிசலான கரையில் கூண்டே விளம்பரமாகிவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அமைக்கும் முறை

அகன்ற வகைக் கூண்டுக்குப் பற்றவைத்த கம்பி வலை வேண்டும்; கண்ணின் அளவு ஏறத்தாழ 5 செ.மீ.க்கு 10 செ.மீ. வலையின் அகலம் 1.2 மீட்டர். பறவை தடையின்றி ஓடிச் செல்ல இந்தக் கண் போதும். நரிக்கும் கடற்காகத்துக்கும் போதாது. வட்டத்தின் விட்டம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. கூடு சரியாக நடுவில் இருக்க வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து நீட்டும் கை முட்டையை எட்டக் கூடாது. சிகாகோவின் மான்ட்ரோஸ் ஏரிக்கரையில் மான்ட்டி, ரோஸ் என்று ஊரே பெயரிட்டு அழைத்த இணையின் நான்கு முட்டைகளையும் 2021 ஜூனில் ஒரு ஸ்கங்க் கூண்டின் கம்பிகளுக்கு இடையே எட்டித் தின்றுவிட்டது; அதன் பின் அவை மறுபடி முட்டையிட்டபோது இன்னும் அகலமான கூண்டு வைக்கப்பட்டது, ஜூலையில் குஞ்சுகளும் பொரித்தன. எட்டும் தூரத்தை மறந்த கூண்டு கூண்டே அல்ல.

வலையின் அடிப்பகுதி 20 செ.மீ. அல்லது அதற்கு மேல் மணலில் புதைய வேண்டும். மீதி ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே நிற்கும். தாங்கும் கம்பங்களின் தலை வலையின் விளிம்புக்கு மேல் நீளக் கூடாது, நீண்டால் அதுவே காகத்துக்கு இருக்கையாகிவிடும். மேற்புறத்தைச் சிறு கண் கொண்ட மென்வலையால், தொய்வில்லாமல், விளிம்பு முழுவதும் கட்டி மூட வேண்டும். தொய்ந்த வலையில் பறவையே சிக்கிக்கொள்ளும். பேரேரிகளில் ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைந்த பக்கமுள்ள சதுரப் பெட்டிபோன்ற சிறு கூண்டையும் பயன்படுத்துவதுண்டு. தூக்கிச் செல்லவும் விரைந்து வைக்கவும் அது எளிது, ஆனால் எட்டிப் பிடிக்கும் விலங்குகள் உள்ள இடத்துக்கு அது ஏற்றதல்ல.

நான்கு முட்டைகளும் இட்டு முடிந்து அடைகாத்தல் நிலைபெற்ற பிறகே கூண்டு வைக்க வேண்டும். முதல் முட்டை இட்ட அன்றே வைத்தால் இணை அந்த இடத்தையே விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். மழையிலும் மணற்காற்றிலும் கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் இந்த வேலை கூடாது. மூன்று நான்கு பேர் கொண்ட குழு, வலையை முன்னதாகவே வட்டமாகச் சுருட்டி, கம்பங்களையும் கட்டுக்கம்பிகளையும் எண்ணி எடுத்துக்கொண்டு, வேறோர் இடத்தில் ஒருமுறை பொருத்திப் பழகிய பிறகே கூட்டுக்குச் செல்ல வேண்டும். இருபது நிமிடத்துக்குள் முடித்து வெளியேற வேண்டும். வெளியேறியதும் தொலைவில் அமர்ந்து பறவை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பறவைகள் சில நிமிடங்களிலேயே கம்பியைச் சுற்றி ஓடிப் பார்த்து உள்ளே சென்றுவிடும். ஒரு மணி நேரம் ஆகியும் எதுவும் உள்ளே போகவில்லை என்றால் தயங்காமல் கூண்டை எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தைக் காத்திராமல் திரும்பும் குழு வேலையைப் பாதியில் விட்ட குழு.

வைத்த பிறகு அன்றாடம் பார்க்க வேண்டும், ஆனால் தொலைவிலிருந்து. அடைகாக்கும் பறவை இருக்கிறதா, சுற்றிலும் எந்தத் தடம் வட்டமிடுகிறது, வலை தொய்ந்திருக்கிறதா, காற்றில் அடிப்புற மணல் அரித்திருக்கிறதா என்பவையே கேள்விகள். கூண்டுக்கு அருகே இறகுச் சிதறலோ இறந்த பறவையோ கண்டால், அல்லது அடுத்தடுத்த கூடுகள் காரணமின்றிக் கைவிடப்பட்டால், அந்தப் பகுதியின் எல்லாக் கூண்டுகளையும் அகற்றுவது பற்றி அன்றே உயிரியலாளரிடம் பேச வேண்டும். பேரேரிகளில் கைவிடப்பட்ட முட்டைகளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்துக்குக் கொண்டு சென்று, டெட்ராய்ட் விலங்குக் காட்சியகத்தின் தலைமையில் பொரிக்க வைத்து வளர்த்துக் கரையில் விடும் ஏற்பாடு உண்டு. முட்டை உண்மையிலேயே கைவிடப்பட்டதா என்று முடிவு செய்யும் உரிமை தன்னார்வலருக்கு இல்லை. உடனே செய்தி சொல்வதே அவர் கடமை.

குஞ்சுகள் ஓடத் தொடங்கிய பின்

குஞ்சுகள் கூட்டை விட்டதும் கூண்டின் வேலை முடிந்துவிடுகிறது. பஞ்சுருண்டை அளவுள்ள நான்கு குஞ்சுகள் அலையோரத்துக்கும் மணல்மேட்டுக்கும் இடையே நாளெல்லாம் ஓடுகின்றன. இரைகொல்லிகளால் ஏற்படும் இழப்பு பல கரைகளில் இந்தக் கட்டத்தில்தான் மிகுதி. வேலியை அலையோரம் வரை விரிப்பதும், வாகனங்கள் ஓடும் கரைகளில் அந்தப் பகுதியை மூடுவதும், கடற்பாசி ஒதுங்கிய வரிசையை இயந்திரத்தால் சுத்தம் செய்யாமல் விடுவதும் அவசியம். அந்தப் பாசியில்தான் குஞ்சுக்கு இரையான சிறு பூச்சிகளும் மறைவிடமும் உள்ளன. கரையில் பிள்ளைகள் தோண்டிய பள்ளங்களையும் ஆழமான டயர்த் தடங்களையும் மாலையில் மூடிவிட வேண்டும், குஞ்சு அதில் விழுந்தால் ஏற முடியாமல் கடற்காகத்துக்கு இரையாகும்.

ஆஸ்திரேலியாவில் முக்காட்டு உப்புக்கொத்திகளுக்காகச் சாய்ந்த இரு பலகைகளைக் கூரைபோல் சேர்த்துக் கரையில் வைக்கிறார்கள். வெயிலிலிருந்தும் வானத்து இரைகொல்லியிடமிருந்தும் குஞ்சுகள் அதனடியில் ஒதுங்குகின்றன. செலவில்லாத இந்த ஏற்பாட்டை மற்றக் கரைகளிலும் முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் அலை ஏறும் எல்லைக்கு மேலே மட்டும்.

இறகு தொங்கியது போல நடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடும் பெரிய பறவையைக் கண்டால் அதற்குக் காயம் என்று நினைத்துப் பின்தொடரக் கூடாது. குஞ்சோ முட்டையோ காலடியில் இருக்கிறது என்பதே அதன் பொருள். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். தனியாக நிற்கும் குஞ்சையும் எடுக்கக் கூடாது. பெற்றோர் அருகில்தான் இருக்கும்.

இரைகொல்லிகளை அகற்றுவது பற்றி

அமெரிக்காவில் பல கரைகளில் அரசுப் பணியாளர்கள் கூட்டுப் பருவத்துக்கு முன்பு நரி, ரக்கூன், காகம் ஆகியவற்றைப் பொறிவைத்துப் பிடிக்கவோ கொல்லவோ செய்கிறார்கள். இது தன்னார்வலரின் வேலை அல்ல, இதில் மனம் ஒப்பாதவர்களும் பலர். எனக்குத் தோன்றுவது இதுதான்: உணவுக் குப்பையை அப்படியே விட்டுவிட்டு நரியைக் கொன்றால் காலியான இடத்துக்கு இன்னொரு நரி வரும், குப்பையைக் குறைத்த பிறகும் கூடுகளையே தேடிப் பழகிய குறிப்பிட்ட விலங்கு இருந்தால், அதை மட்டும் பருவத் தொடக்கத்தில் அகற்றுவதற்கு நியாயம் உண்டு. கொல்லாத வழிகளும் தேடப்படுகின்றன. நியூசிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், பறவைகள் வருவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பறவை வாசனையைக் கற்களில் பூசி வைத்தார்கள். வாசனையைத் தேடி வந்து ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்த பூனைகளும் ஃபெரெட் என்னும் சிறு ஊனுண்ணிகளும் முள்ளெலிகளும் அந்த வாசனையையே பொருட்படுத்தாமல் விட்டன. உண்மையான கூடுகள் வந்தபோது அவற்றின் பிழைப்பு கணிசமாக உயர்ந்தது. மூக்கை நம்பும் விலங்குகளுக்கே இது பொருந்தும், காகத்துக்குப் பொருந்தாது.

தமிழ்க் கரைகளில் பயன்படுத்தும்போது

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் உப்புக்கொத்தி ஒன்று 2023இல் தனி இனமாக அறியப்பட்டு, ராமர் பாலத்தை ஒட்டி அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் பெற்றது. மன்னார்க் கரைகளில் அது மணலிலும் உப்புநிலத்திலும் முட்டையிடுகிறது. அங்கும் தமிழகக் கரைகளிலும் முதல் எதிரிகள் தெருநாயும் காக்கையும்தான். மீன்பிடித் தளங்களில் ஒதுக்கப்படும் கழிவும் கருவாடு காயும் மணலும் அவற்றை வரவழைக்கின்றன. ஆகவே மீனவர் குடும்பங்களுடன் பேசி, கழிவைக் குழியில் புதைப்பதற்கோ ஒரே இடத்தில் மூடி வைப்பதற்கோ ஏற்பாடு செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். கூடு இருக்கும் இடத்தையும் பெரும்பாலும் அவர்களே முதலில் காண்பார்கள். நாய்களுக்குக் கருத்தடை செய்வது மெதுவாகப் பலன் தரும், ஆனால் நிலையான பலன்.

வெயிலை அங்கே தனியாக எண்ண வேண்டும். இவ்வகைப் பறவைகள் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும், அடைகாப்பதைவிட நிழல் தருவதற்காகவே கூட்டின் மேல் நிற்பதும் உண்டு. நண்பகலில் சில நிமிடம் பறவையை எழுப்பி நிறுத்தினாலே முட்டைக்குள் இருக்கும் கரு வெந்துவிடும். கண்காணிப்பு எல்லாம் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

கடலாமை முட்டைகளைக் காக்கும் பணி சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர் குழுவால் நடந்து வருவதால், முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது நமக்குப் பழக்கமான முறை. உப்புக்கொத்திக்கு அதைச் செய்யவே கூடாது. ஆமை முட்டை மணலின் சூட்டில் தானே பொரிக்கும். இதுவோ பெற்றோரின் உடற்சூட்டில் பொரிப்பது, இடம் மாறினால் பெற்றோர் அதைத் தேடி வராது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், இலங்கையில் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படியும் கூட்டுக்கு அருகே எதையும் நிறுவுவதற்கு முன்பு வனத்துறையின் அல்லது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெற வேண்டும். வேலிக்குப் பதிலாக ஊர்க்காரர் ஒருவரைக் காவலுக்கு அமர்த்தி மாதச் சம்பளம் கொடுப்பது, நம் கரைகளில் கம்பி வலையைவிட நீடிக்கும். வலை திருடுபோகும் என்பதும் ஒரு காரணம்.

பருவம் முடிந்து கடைசிக் குஞ்சும் பறந்த பிறகு குச்சி, கயிறு, பலகை, வலை என எல்லாவற்றையும் எண்ணி அகற்ற வேண்டும். புதைந்து போன வலைத் துண்டு அடுத்த ஆண்டு குஞ்சின் காலிலோ ஆமையின் துடுப்பிலோ சிக்கும். அகற்றும் அன்றே ஒவ்வொரு கூட்டின் முடிவையும் வரைபடத்தில் குறித்து, எந்தக் கூட்டுக்குக் கூண்டு வைத்தோம், எதற்கு வைக்கவில்லை, பெற்றோர் இரண்டும் பருவ இறுதி வரை காணப்பட்டனவா என்பதையும் சேர்த்து எழுதி, அனுமதி தந்த துறைக்கு ஒரு படியை அனுப்பிவிட வேண்டும்.